அந்த மணல் எங்கிருந்து வந்தது? கனகராயன் ஆற்றுப் படுகையில் ஒரு சமதானி வரைபடம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு முதுகலை மாணவியின் ஆய்வில் நடந்தது. நான் இணை மேற்பார்வையாளர். ஆட்களின் பெயரையும், சம்பந்தப்பட்ட கிளை ஆற்றின் பெயரையும், கிராமத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மாணவி வாசித்துச் சம்மதித்த பிறகுதான் இதை வெளியிடுகிறேன். இலங்கையின் வடக்கில் ஆற்று மண்ணை அள்ளிச் சமதானி பார்க்க வேறு யாராவது நினைத்தால், எங்களுக்குப் போன ஒரு வருடம் அவர்களுக்கும் போகக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சமதானி என்றால் தமிழ்நாட்டில் ஓரிடத்தான், ஐசோடோப்பு என்று சொல்வதுதான். ஒரே மூலகம், ஆனால் அணுவின் நிறை வேறு. சமேரியம்-147 மெல்ல மெல்லச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது, அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டு. பூமியின் வயதே 450 கோடி சொச்சம்தான் என்பதால், இந்தக் கடிகாரம் மிக மெதுவாக ஓடுகிற கடிகாரம். பாறையில் நியோடிமியம்-143க்கும் 144க்கும் உள்ள விகிதத்தை அளந்தால், அந்தப் பாறையின் மூலப்பொருள் பூமியின் உள்ளே இருக்கும் மூடகத்திலிருந்து எப்போது பிரிந்து வந்தது என்று கணக்கிடலாம். ஒரு மாதிரியுருவை வைத்துக் கணிப்பதால் இதை மாதிரி வயது என்பார்கள். பாறை பிறகு உருகினாலும், மடிந்தாலும், மண்ணாக அரைபட்டு ஆற்றில் போனாலும் அந்த அடையாளம் பெரிதாக அழிவதில்லை. அதனால்தான் ஆற்று மண்ணை வைத்து மேலே உள்ள பாறையைக் கண்டுபிடிக்க முடிகிறது.

இலங்கையில் இது புதிய வேலை அல்ல. 1988இல் மிலிசெண்டாவும் அவருடன் வேலை செய்தவர்களும் இதே நியோடிமியம் முறையில் நாட்டின் பழம்பாறைகளை வயது வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் திருகோணமலை வரை கிடக்கும் உயர்நிலத் தொகுதிக்கு 200 முதல் 300 கோடி ஆண்டு மாதிரி வயது. அதற்கு இரு புறமும் உள்ள பாறைகள் இளையவை, 100 முதல் 200 கோடி ஆண்டு வரைக்குள். கிழக்கே உள்ளது விஜயன் தொகுதி. மேற்கும் வடக்கும் உள்ளதை முன்பு மேற்கு விஜயன் என்றார்கள், இன்று வன்னித் தொகுதி என்கிறார்கள். எங்கள் ஊரின் பெயர் உலகப் புவியியல் இலக்கியத்தில் ஒரு பாறைத் தொகுதியின் பெயராக இருக்கிறது, ஆனால் வன்னியில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கு இது எப்போதும் மனதை உறுத்துகிற விஷயம்.

மாணவியின் கேள்வி இதுதான்: வன்னித் தொகுதியும் உயர்நிலத் தொகுதியும் சந்திக்கும் எல்லை வடக்கே எங்கே ஓடுகிறது? தெற்கில் மலை இருக்கிறது, வெட்டு முகம் இருக்கிறது, பாறையைப் போய்ப் பார்க்கலாம். வன்னி தட்டையான நிலம். காடும், செம்மண்ணும், வயலும் பாறையை மூடிக் கிடக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கருங்கல் தலை காட்டும். ஆனால் ஆறு தன் நீரேந்து பரப்பு முழுவதிலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. நாங்கள் நூறு பாறையைத் தேடி அலைவதற்குப் பதில் ஆறு அள்ளிவந்த மண்ணையே அளந்துவிடலாமே என்பது அவளுடைய யோசனை. நல்ல யோசனை. இன்றைக்கும் அது நல்ல யோசனைதான்.

முதல் சேகரிப்பு

கோடையில் போனோம். வவுனியா வடக்கின் சிறு குளங்களிலிருந்து தொடங்கி, கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில் விழும் இடம், குளத்துக்குக் கீழே, கடைசியாக ஆறு போய்ச் சேரும் சுண்டிக்குளம் கடலேரிக்கரை என்று 18 இடம். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட பகுதி, அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்பே எடுத்திருந்தோம். மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான அனுமதியும் அப்படித்தான்.

ஆவணி மாதத்தில் அந்த ஆறுகளில் தண்ணீர் இருக்காது. மருதமர நிழலில் வெள்ளை மணல் படுக்கை, இடைக்கிடை பாசி பிடித்த மடு, மாடு மிதித்த சேறு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் அகப்பையால் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு ஒரு கை அளவு ஆழத்தில் அள்ளினோம். இரும்பு மண்வெட்டி பாவிக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பை, ஒன்று அளக்க, ஒன்று கையிருப்புக்கு. இது எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம்.

பிழை விட்டது இடத்தைத் தெரிவு செய்ததில். 18இல் 11 இடம் பாலத்தடி அல்லது மதகடி. காரணம் இரண்டு. ஒன்று, வாகனம் போகும். மற்றது, மிதிவெடி. வன்னியின் சில துண்டுகளில் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை, முடிந்த இடத்திலும் வெள்ளம் மேலேயிருந்து எதை இழுத்துவந்து போட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக் காட்டுக்குள் நடக்க நான் தயாராக இருக்கவில்லை. அந்த முடிவில் இப்போதும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பாலத்தடி மண் எப்படிப்பட்ட மண் என்று ஒரு கேள்வியாவது அன்று கேட்டிருக்கலாம்.

ஏழாம் இடம் ஒரு கிளை ஆற்றின் பாலத்தடி. அங்கே ஒரு விஷயம் நடந்தது. சமதானிக்காக நாங்கள் எல்லா இடத்திலும் 63 மைக்ரோனுக்குக் கீழான நுண்மண்ணை எடுப்பதாகத் திட்டம். மற்ற இடங்களில் ஒரு பை சலித்தால் போதுமாக இருந்தது. ஏழாம் இடத்தில் மாணவி மூன்று பை சலித்தும் ஒரு தேக்கரண்டி தேறவில்லை. அவள் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள்: "மணல் கழுவினது போல இருக்கு." நான் அதைப் பார்த்துவிட்டு, நியோடிமியம் விகிதம் மணியின் பருமனால் பெரிதாக மாறாது, ஆகவே அங்கே மட்டும் மென்மணலையே பாவிப்போம் என்று சொன்னேன். நியோடிமியத்தைப் பற்றி நான் சொன்னது சரி. அந்தக் குறிப்பைத் தாண்டிப் போனதுதான் பிழை.

ஆய்வுகூடத்தில்

மண்ணை உலர்த்தி, அகேட் உரலில் அரைத்து, ஐதரோபுளோரிக் அமிலமும் நைத்திரிக் அமிலமும் சேர்த்து மூடிய டெஃப்லான் குவளையில் சூடாக்கிக் கரைப்பது முதல் படி. பிறகு பிசின் நிரப்பிய மெல்லிய குழாய்களில் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ட்ரோன்டியத்தையும் நியோடிமியத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது. ஐதரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் எலும்பு வரை போகும், ஆகவே இதற்கென்று அமைத்த ஆய்வுகூடத்தில்தான் செய்யலாம். அந்தப் பிரிப்பும், அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானியில் அளப்பதும் வெளிநாட்டில் உள்ள ஒரு நண்பரின் ஆய்வுகூடத்தில் நடந்தன. உலகம் முழுக்கப் பாவிக்கும் தர மாதிரிகளை எங்கள் மாதிரிகளோடு மாறி மாறி ஓட்டினார், ஸ்ட்ரோன்டியத்துக்கான தர மாதிரி, 87க்கும் 86க்கும் உள்ள விகிதமாக 0.71025 காட்ட வேண்டும், காட்டியது. அளவீட்டில் எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஏன் இரண்டு மூலகம்? ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். பழைய பாறை மண்ணும் இளைய பாறை மண்ணும் ஆற்றில் கலந்தால் எண் நடுவில் வரும். அந்த நடு எண் கலவையா, அல்லது உண்மையிலேயே நடுத்தர வயதுள்ள மூன்றாவது பாறையா என்று ஒரு விகிதத்தால் பிரிக்க முடியாது. ருபீடியம்-87 சிதைந்து உண்டாகும் ஸ்ட்ரோன்டியம்-87 இரண்டாவது சாட்சி. ஆனால் ஸ்ட்ரோன்டியம் நியோடிமியம் போல அடக்கமானது அல்ல. களிமண்ணில் மைக்கா கூடினால் ஏறும், மணலில் பெல்ட்ஸ்பார் கூடினால் இறங்கும், சிப்பி ஓடு கலந்தால் கடலின் எண்ணைப் பேசத் தொடங்கும்.

இந்தக் கடைசிக் காரணத்துக்காக, கரைப்பதற்கு முன் மண்ணை மெல்லிய அசற்றிக் அமிலத்தில், வினாகிரியில் இருப்பதே அது, ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கழுவி எடுக்க வேண்டும். அனுப்புகிற திகதி நெருங்கிவிட்டது என்று அந்தப் படியை முதல் தொகுதிக்கு நான் தவிர்த்தேன். ஆறு நன்னீர்தானே என்று ஒரு நினைப்பு.

வந்த முடிவு

கார்த்திகை மழை தொடங்கிய வாரம் எண்கள் வந்தன. 16 இடங்கள் 100 முதல் 200 கோடிக்குள், வன்னித் தொகுதி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. ஏழாம் இடம் 200 கோடியைத் தாண்டி, உயர்நிலத் தொகுதியின் நடுவில் போய் நின்றது. சுண்டிக்குளத்தின் பதினெட்டாம் இடமும் 200 கோடிக்கு மேலே.

அன்று இரவு இரண்டு பேரும் தொலைபேசியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினோம். கிளை ஆற்றின் நீரேந்து பரப்பில் எங்கேயோ, செம்மண்ணுக்கு அடியில், உயர்நிலப் பாறையின் ஒரு துண்டு கிடக்கிறது! அப்படியென்றால் எல்லை எல்லோரும் வரைந்த இடத்திலிருந்து மேற்கே தள்ளி இருக்கிறது, அல்லது எல்லை ஒரு கோடே அல்ல, இரண்டு தொகுதியும் பின்னிக் கிடக்கிறது. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாள் அடுத்த வாரம். எழுதினோம், அனுப்பினோம்.

அந்தச் சுருக்கத்தை எழுதும்போதே மாணவி ஒன்று கேட்டாள்: "சேர், எட்டாம் இடம் ஏழுக்குக் கீழேதானே, அது ஏன் கொஞ்சமும் மாறேல்லை?" எட்டு, ஏழாம் இடத்திலிருந்து மூன்று கிலோமீற்றர் கீழே, அதே கிளை ஆற்றில். மேலே பழைய பாறை இருந்து மண் தந்தால் கீழேயும் அதன் சாயல் இருக்க வேண்டும். நான் சொன்ன பதில், இடையில் சேரும் ஓடைகள் அதை ஐதாக்கியிருக்கும் என்பது. முடியாத விஷயம் அல்ல. ஆனால் மூன்று கிலோமீற்றருக்குள் முழுதாக மறையுமளவுக்கு அங்கே ஓடை இல்லை என்பதை வரைபடத்தை விரித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே கண்டிருப்போம். நான் விரும்பிய விடை வந்துவிட்டது, அதனால் நான் பார்க்கவில்லை.

சந்தேகம்

மாணவி விடவில்லை. கையிருப்புப் பையிலிருந்து மறுபடியும் ஒரு பங்கு அனுப்பினாள், அதே எண் வந்தது. ஆகவே ஆய்வுகூடத்தில் பை மாறவில்லை, மாசுபடவில்லை. மண் உண்மையிலேயே பழையது.

பிறகு அவள் செய்த வேலைதான் முழுக் கதையையும் திருப்பியது, அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஏழாம் இடத்து மணலில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பார்த்தாள். பக்கத்தில் ஆறாம் இடத்து மணல், எட்டாம் இடத்து மணல். ஆறும் எட்டும் மங்கல் மஞ்சள், மணிகளின் மேல் துரு போல ஒரு பூச்சு, களி ஒட்டிக்கிடந்தது. ஏழு பளிச்சென்று இருந்தது. மணிகள் உருண்டு மழுங்கியிருந்தன, இடையிடையே மாதுளை முத்து மாதிரி இளஞ்சிவப்புக் கார்னெட். வன்னிப் பாறையிலும் கார்னெட் உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. மூன்று நான்கு மணல் மணிகள் சாம்பல் நிறப் பசையால் ஒட்டி ஒரு சிறு கட்டியாக. அதன் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். நுரைத்தது. சிப்பியாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தோம், ஆனால் கடலிலிருந்து அவ்வளவு உள்ளே சிப்பி ஏது. ஊசியால் குத்திப் பிரித்தபோது உள்ளே ஓடு இல்லை, சாம்பல் தூள்தான். சீமெந்து.

ஐயாவின் பதில்

தை பிறந்த பிறகு, ஆறு வற்றத் தொடங்கியதும் மறுபடி போனோம். இந்த முறை நேரே ஆற்றில் இறங்காமல், அந்தக் கிராமத்துக் கமக்கார (விவசாயிகள்) அமைப்பில் நீண்ட காலம் தலைவராக இருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். எழுபது வயதைக் கடந்தவர். குளக்கட்டிலிருந்து வாய்க்கால் வரை ஒவ்வொரு துருசும் (நீர் திறந்துவிடும் கதவும்) எந்த ஆண்டு எப்படித் திறந்தது என்று சொல்லக்கூடியவர். மாணவி பையைத் திறந்து மணலை அவர் கையில் போட்டாள். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. உள்ளங்கையில் தேய்த்தார், கையைக் கவிழ்த்தார், மணல் முழுதும் கொட்டியது.

"பிள்ளை, உது எங்கட ஆத்து மண் இல்லை. எங்கட மண் எண்டால் கையில ஒட்டும். இது பாலம் கட்டேக்க டிப்பரில கொண்டுவந்து பறிச்ச மண். வேலை முடிய மிச்சத்தைக் கரையில கும்பியா விட்டிட்டுப் போட்டினம்."

"எங்கேயிருந்து ஐயா கொண்டுவந்தவை?"

"கிண்ணியா மண் எண்டுதான் ஓட்டிவந்த பொடியள் சொன்னவங்கள். பதினெட்டாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தோட அந்தக் கும்பி முழுக்க ஆத்துக்குள்ள கரைஞ்சு போச்சு."

2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களுக்கு மறக்கக்கூடியது அல்ல. இரணைமடுவின் வான்கதவுகள் திறந்துவிட்ட அந்த நாட்களில்தான் இந்தக் கிளை ஆறும் கரை மீறி ஓடியது. கிண்ணியா என்றால் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவருவதில் பெரும் பகுதி உயர்நிலத் தொகுதியின் மேல்தான். அந்த மண்ணுக்கு 200 கோடிக்கு மேல் வயது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆக, கருவி பொய் சொல்லவில்லை. உயர்நிலப் பாறையின் மண்தான் அது. ஆறு அதைக் கொண்டுவரவில்லை, டிப்பர் கொண்டுவந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவது. ஏற்கப்பட்ட பிறகு திரும்பப் பெறுவது மாணவிக்குக் கஷ்டமாக இருந்தது, அவளுடைய முதல் மாநாடு. ஏழாம் இடத்தை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தை வைத்துப் பேசலாமா என்றும் யோசித்தோம். ஆனால் ஒரு பாலத்தடியில் இது நடந்தால் மற்றப் பத்துப் பாலத்தடியிலும் நடக்கவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவை வன்னி எண்ணைக் காட்டுகின்றன என்பது ஆறுதலே தவிர ஆதாரம் அல்ல. பக்கத்து ஆற்றிலிருந்தே மண் ஏற்றிவந்து கொட்டியிருந்தால் எண் மாறவே மாறாது, நாங்கள் அறியவும் மாட்டோம். ஆகவே முழுவதையும் நிறுத்தினோம்.

இரண்டாவது, ஏழாம் இடத்தில் குழி தோண்டுவது. அந்த இடம் வெடி அகற்றிச் சான்றிதழ் கொடுத்த நிலம் என்று உறுதிப்படுத்திய பிறகு, கிராமத்து இளைஞர் இருவர் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு வந்தார்கள். மேலே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அதே பளிச்சென்ற மணல். அதன் அடியில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கறுத்த வண்டல், உக்கின மருத இலைகள், ஒரு துண்டு நீலப் பொலித்தீன். அந்தப் பொலித்தீனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பல்ல, நிம்மதிதான் வந்தது: பழைய ஆற்றுப் படுக்கையும் மனிதர் கண்ட காலத்துப் படுக்கைதான், ஆனால் இது ஆறு தானே படியவிட்டது. மேலும் கீழும் தனித்தனியாக எடுத்தோம்.

மூன்றாவது, பாலத்தடி இடங்கள் எல்லாவற்றையும் மாற்றுவது. பாலத்துக்கு மேலே, அதாவது நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், ஆகக் குறைந்தது 300 மீற்றர் தள்ளி. போக முடியாத இடங்களை விட்டோம், 11இல் 4 இடம் அப்படிக் கைவிடப்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் அந்த ஊரவர் ஒருவரிடம் மூன்று கேள்வி: இங்கே மண் அள்ளினவையா, இங்கே மண் பறிச்சவையா, வெள்ளம் கடைசியாக எப்போது கரை மீறியது. பதிலைக் குறிப்பேட்டில் ஜிபிஎஸ் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதினோம்.

நான்காவது, நுண்மண் கிடைக்காத இடத்தில் மென்மணலை வைத்துச் சமாளிப்பதில்லை. ஆறு படியவிட்ட இடத்தில் நுண்மண் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று முதலில் பார்ப்பது.

பிறகு என்ன நடந்தது

குழியின் மேல் மண் முன்பு வந்த அதே பழைய வயதைத் தந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த வண்டல் ஆறாம் இடத்தோடும் எட்டாம் இடத்தோடும் ஒத்துப்போனது. கிண்ணியாப் பக்கத்திலிருந்து மகாவலி மணல் ஒரு பை எடுத்துவந்து அதே முறையில் பார்த்தோம், மேல் மண்ணுக்கு நெருக்கமாக வந்தது. "அதே மண்" என்று மாணவி எழுதவில்லை, "அந்த மூலத்தோடு முரண்படவில்லை" என்று எழுதினாள். ஒரு பையை வைத்து ஓர் ஆற்றையே பேசவைக்க முடியாது, அவள் எழுதியது சரி.

மாற்றிய இடங்களில் ஒன்று மட்டும் முந்திய எண்ணிலிருந்து சற்று விலகியது, மற்றவை அசையவில்லை.

குளம் பற்றிய பாடம் தனி. முதல் வரைபடத்தில் நாங்கள் கனகராயன் ஆற்றைத் தொடக்கத்திலிருந்து ஏரி வரை ஒரே நிறக் கோடாக, மெல்ல மெல்ல மாறுவதாக வரைந்திருந்தோம். நீர்ப்பாசனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இரணைமடுவுக்குள்ள போன மணல் வெளியில வாறேல்லை" என்றார். 1902இல் கட்டத் தொடங்கிய குளம், வட மாகாணத்தில் ஆகப் பெரியது. நூறு வருடமாக மேலிருந்து வரும் மணல் முழுவதும் அதன் வாய்ப்பகுதியில் படிந்துகொண்டே இருக்கிறது. வான் பாயும்போது, அதாவது குளம் நிரம்பி வழியும்போது, கலங்கல் தண்ணீரோடு நுண்மண் தப்பிப் போகும், மணல் போகாது. ஆகவே குளத்துக்குக் கீழே ஆற்றில் கிடக்கும் மணல் குளத்துக்கு மேலிருந்து வந்த மணல் அல்ல, கீழ்க்கரைகளை அறுத்தும் பக்கத்து ஓடைகள் கொண்டுவந்தும் சேர்ந்தது. அது இரணைமடுப் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் என்று பார்த்தாலே தெரிகிறது. வன்னியில் ஏறக்குறைய எல்லா ஆற்றுக்கும் குறுக்கே ஒரு குளம் இருக்கிறது, பெரிய குளத்துக்கு மேலே சின்னக் குளங்கள் சங்கிலி போல. இங்கே ஆறு என்பது துண்டு துண்டான ஆறு. வெளிநாட்டு ஆய்வுகளில் வரும் அறுபடாத ஆற்றின் மாதிரியை அப்படியே எடுத்து இங்கே போட்டது எங்கள் பிழை. வரைபடத்தைக் குளத்துக்கு மேல், குளத்துக்குக் கீழ் என்று இரண்டாக வெட்டினோம். எனக்கு இந்த ஆய்வின் ஆகப் பெறுமதியான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது, ஏழாம் இடத்தை விட.

ஸ்ட்ரோன்டியம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் தவிர்த்த அமிலக் கழுவலைத் திரும்பச் செய்தபோது ஆற்றின் மேல்பகுதி மண்ணில் பெரிய மாற்றம் இல்லை. ஏரிக்கரை மண்ணில் இருந்தது. கழுவ முன் அதன் எண் 0.7092ஐ நோக்கி இழுபட்டு நின்றது, அது இன்றைய கடல் நீரின் விகிதம். சிப்பித் தூள்தான் பேசிக்கொண்டிருந்தது, பாறை அல்ல. கழுவிய பிறகு பழைய கருங்கல் மண்ணுக்குரிய உயர்ந்த எண்ணுக்கு ஏறியது. இரண்டு நாள் வேலையை மிச்சம் பிடிக்கப் போய், பிழையான எண்கள் ஒரு வருடம் எங்கள் அட்டவணையில் இருந்தன.

ஆனால் அதே ஏரிக்கரை மாதிரியின் நியோடிமியம், அந்தப் பதினெட்டாம் இடம், கழுவிய பிறகும் 200 கோடிக்கு மேலேயே நிற்கிறது. அமிலக் கழுவலால் நியோடிமியம் அவ்வளவாக மாறாது என்பதால் அது எதிர்பார்த்ததே. அங்கே டிப்பர் போகவில்லை, பாலம் இல்லை. கைவில்லையில் பார்த்தால் கறுப்பு மணிகள் நிறைய. தெற்கே புல்மோட்டைக் கறுமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோனுடன் மொனசைட்டும் கொஞ்சம் இருக்கிறது. மொனசைட் நியோடிமியத்தைத் தன்னுள் குவித்து வைத்திருக்கும் கனிமம். கரைக்க எடுக்கும் ஒரு சிட்டிகை தூளில் நாலைந்து மணி மொனசைட் விழுந்தாலே மீதி மண் முழுவதின் குரலையும் அது அமுக்கிவிடும். ஏரி முகத்துவாரம் உடைக்கும் காலத்தில் கடல் அந்தக் கரைமணலை உள்ளே தள்ளியிருக்கலாம். அல்லது ஆறே கொண்டுவந்திருக்கலாம். ஒரே மாதிரியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆய்வேட்டில் அந்த இடம் நிறமில்லாத வெறும் வட்டமாகத்தான் இருக்கிறது.

இனிச் செய்தால்

வரைபடம் வரைய முன் ஊரோடு பேசுவேன், வரைந்த பிறகு அல்ல. அந்த மூன்று கேள்விகளை முதல் நாளே கேட்டிருந்தால் ஏழாம் இடத்துக்கு ஒரு பிற்பகல் போதும். நாங்கள் ஐந்து மாதமும், மாதிரி ஒன்றுக்கு மிகுந்த செலவும் கொடுத்தோம். போர் முடிந்த பிறகு ஏ9 வீதி, அதன் கிளை வீதிகள், 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடிய ரயில் பாதை, வீட்டுத்திட்டங்கள் என்று வன்னியில் கொட்டப்பட்ட மணலும் கல்லும் கிரவலும் கொஞ்சம் அல்ல. ஆற்றிலிருந்து அள்ளிச் சென்ற மணலும் அப்படித்தான். இந்த நிலத்தில் கடந்த பதினைந்து ஆண்டில் மண்ணைக் கூடுதலாக நகர்த்தியது ஆறா, வாகனமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை.

நுண்மண்ணோடு கூடவே கனமான கனிமங்களைத் தனியே பிரித்து, சிர்க்கோன் மணிகளை ஒவ்வொன்றாக யுரேனியம்-ஈயம் முறையில் பார்ப்பதும் தேவை. மொத்த மண்ணின் எண் ஒரு சராசரி. சிர்க்கோன் ஒவ்வொரு மணியும் தன் தன் வயதைச் சொல்லும், வந்தேறி மணல் கலந்திருந்தால் அங்கே இரண்டு கூட்டமாகத் தெரியும். செலவு கூட, ஆனால் சந்தேகமான இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் செய்யலாம்.

பிறகு, மாணவர் கேட்கும் முதல் கேள்வியை மேற்பார்வையாளர் எழுதி வைக்க வேண்டும். "எட்டாம் இடம் ஏன் மாறேல்லை" என்ற வரியை நான் அன்றைக்குச் சுவரில் ஒட்டியிருந்தால் சுருக்கமே போயிருக்காது.

மாணவி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். எல்லை எங்கே என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை, குளத்துக்கு மேலுள்ள நீரேந்து பரப்பில் உயர்நிலப் பாறைக்கான அடையாளம் எதுவும் ஆற்று மண்ணில் கிடைக்கவில்லை என்று மட்டும் இருக்கிறது. தேர்வாளர் ஏழாம் இடத்துக் குழியின் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். வரைபடத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை ஐயா கேட்டிருந்தார், கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏரியின் வெறும் வட்டத்தைக் காட்டி இது ஏன் நிறம் இல்லாமல் இருக்கு என்று கேட்டார். அடுத்த ஆவணியில், முகத்துவாரம் மூடியிருக்கும்போது, ஏரிக்குள் மூன்று இடத்தில் குழாய் இறக்கி அடிவண்டல் எடுக்க அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.